கம்ப்யூட்டர் மூளைக்குக் காய்ச்சல்!

வேகத்தை முடுக்கும் முன்னே உஷ்ணத்தைப் பாருங்கள்

மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பு சுடுகிறது. உடனே உஷ்ணமானியை எடுத்து நாக்குக்கு அடியில் வைக்கிறோம். வழக்கமான அளவை நன்றாகத் தாண்டினால் "காய்ச்சல்" என்கிறோம்.

கம்ப்யூட்டருக்கும் காய்ச்சல் வரும்!

அதன் மூளை சூடு ஏறித் தவிக்கும். வேலை தடுமாறும். கணக்குத் தப்பும். கவனிக்காமல் விட்டால் மூளை கெட்டே போகும்.

அந்தச் சூட்டை அளந்து பார்ப்பது எப்படி? எந்த அளவு வரை போகலாம்? எங்கே நிறுத்த வேண்டும்? இதைத் தெரிந்துகொண்டால் ஆயிரக்கணக்கான ரூபாய் மிச்சம்.

மூளை எது?

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பெரிய பலகை இருக்கும். அதற்கு 'மதர்போர்டு' என்று பெயர். அதன் நடுவே ஒரு சிறு சில்லு உட்கார்ந்திருக்கும். அதுதான் 'பிராசசர்'. கம்ப்யூட்டரின் மூளை அதுவே.

இந்த மூளைக்கும் துடிப்பு உண்டு. நம் இதயம் நிமிடத்துக்கு 72 தடவை துடிக்கிறது. பிராசசரின் துடிப்போ வினாடிக்குக் கோடிக் கணக்கில்!

வினாடிக்கு 10 லட்சம் துடிப்பு என்றால் அது 1 மெகாஹெர்ட்ஸ். வினாடிக்கு 100 கோடி துடிப்பு என்றால் 1 ஜிகாஹெர்ட்ஸ். இன்றைய நல்ல பிராசசர் ஒன்று 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் துடிக்கிறது. அதாவது, வினாடிக்கு 500 கோடி தடவை!

துடிப்பு கூடினால் வேலை வேகமாக நடக்கும். கம்பெனிக்காரர்கள் "இந்தச் சில்லு இவ்வளவு வேகத்தில் ஓடும்" என்று ஓர் அளவு குறித்துக் கொடுக்கிறார்கள்.

அந்த அளவுக்கு மேல் துடிப்பை முடுக்கிவிடுவதற்குத்தான் 'ஓவர்கிளாக்' செய்வது என்று பெயர். கடையில் பாகங்களை வாங்கி, வீட்டிலேயே கம்ப்யூட்டர் பூட்டும் இளைஞர்களுக்கு இதில் கொள்ளை ஆசை!

300 கொடுத்தான், 450 ஓடியது!

ஆசை சும்மா வரவில்லை. அதற்கு ஒரு கதை உண்டு.

1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்காவில் இன்டெல் கம்பெனி 'செலரான் 300ஏ' என்ற மலிவான பிராசசரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ்.

அதே சமயம் 'பென்டியம் 2' என்ற உயர்ந்த பிராசசரும் வந்தது. அதன் வேகம் 450 மெகாஹெர்ட்ஸ். விலையோ பல மடங்கு அதிகம்.

செலரானின் வேகம் எப்படி வந்தது தெரியுமா? மதர்போர்டு 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை அனுப்பும். பிராசசர் அதை நாலரை மடங்கு ஆக்கிக்கொள்ளும். நாலரை மடங்கு 66 என்றால் சுமார் 300.

சிலர் யோசித்தார்கள். "66-க்குப் பதில் 100 அனுப்பினால் என்ன?"

அனுப்பினார்கள். நாலரை மடங்கு 100 என்றால் 450!

மலிவுச் சில்லு, உயர்ந்த சில்லின் வேகத்தில் ஓடியது. சில மதர்போர்டுகள் 100-ஐக் கொடுக்க மறுத்தன. அதற்கும் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். பிராசசரின் ஒரே ஓர் இணைப்புமுனையின் மீது சிறு துண்டு டேப்பை ஒட்டினார்கள். அவ்வளவுதான். மதர்போர்டு ஏமாந்து 100-ஐக் கொடுத்தது!

இந்தச் செய்தி நாடு நாடாகப் பரவியது. ஓவர்கிளாக் என்பது வீட்டுப் பொழுதுபோக்கு ஆயிற்று.

ஆனால் எல்லாச் சில்லும் ஒரே மாதிரி இல்லை. சில சில்லுகள் அப்படியே 450-ல் ஓடின. சிலவற்றுக்கு மின் அழுத்தத்தை, அதாவது வோல்ட்டை, கொஞ்சம் கூட்டவேண்டி இருந்தது. வோல்ட்டைக் கூட்டினால் என்ன ஆகும்?

சூடு ஏறும்!

சூட்டின் கணக்கு

இது சின்னக் கணக்குத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போடலாம்.

துடிப்பு 10 சதவிகிதம் கூடினால், சூடும் ஏறக்குறைய 10 சதவிகிதம் கூடும். அதோடு போய்விட்டால் கவலை இல்லை.

ஆனால் துடிப்பு கூடினால் சில்லு தடுமாறும். அதை நிலைநிறுத்த வோல்ட்டைக் கூட்டவேண்டும். வோல்ட் 10 சதவிகிதம் கூடினால் சூடு 10 சதவிகிதம் கூடுவது இல்லை. 21 சதவிகிதம் கூடுகிறது! வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கினால் வருவது அந்தக் கணக்கு.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். துடிப்பும் 10 சதவிகிதம், வோல்ட்டும் 10 சதவிகிதம் கூடினால், சூடு 33 சதவிகிதம் கூடும். 100 வாட் சூடு தந்த சில்லு 133 வாட் தரும்.

லாபம் பத்து. செலவு முப்பத்து மூன்று!

இதோடு முடியவில்லை. சில்லு சூடாக ஆக, அதற்குள் மின்சாரக் கசிவு அதிகம் ஆகும். கசிவு கூடினால் இன்னும் சூடு கூடும். சூடே சூட்டை வளர்க்கும்.

இஸ்திரிப் பெட்டியை விட 20 மடங்கு!

"100 வாட், 200 வாட் என்பது ஒரு பல்பு எரியும் சூடுதானே?" என்று கேட்கலாம்.

சூடு எவ்வளவு என்பது மட்டும் பேச்சு அல்ல. அது எவ்வளவு சிறிய இடத்தில் இருந்து வருகிறது என்பதும் முக்கியம்.

வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியைப் பாருங்கள். 1,000 வாட் மின்சாரம் இழுக்கிறது. அதன் அடித்தகடு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்.

இன்டெல் 'கோர் ஐ9-14900கே' என்ற பிராசசர் 2023-ல் வந்தது. முழு வேகத்தில் அது சுமார் 250 வாட் இழுக்கும். அதன் உள்ளே இருக்கும் சிலிக்கான் தகடோ இரண்டரை சதுர சென்டிமீட்டர்தான். கட்டைவிரல் நகம் அளவு. ஆக, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட்!

இஸ்திரிப் பெட்டியைப் போல 20 மடங்கு!

இந்தச் சூட்டை உடனுக்கு உடன் வெளியேற்ற வேண்டும். அதற்காகத்தான் சில்லின் தலைமேல் செம்பு, அலுமினியத் தகடுகளை அடுக்கி வைத்து, மேலே ஒரு மின்விசிறியைப் பூட்டுகிறார்கள். தகடு அடுக்குக்கு 'ஹீட்சிங்க்' என்று பெயர். சிலர் குழாயில் தண்ணீரை ஓடவிட்டும் குளிரவைக்கிறார்கள்.

1985-ல் வந்த '386' என்ற பிராசசருக்கு விசிறியே தேவைப்படவில்லை. இன்றைய வேகமான சில்லுகள் குளிரவைக்கும் ஏற்பாடு இல்லாமல் முழு வேகத்தில் ஓடினால் தாங்காது.

விசிறியைக் கழற்றினால்?

தாங்காது என்று சொன்னோம். இதை ஒருவர் சோதித்தே பார்த்துவிட்டார்!

தாமஸ் பாப்ஸ்ட் என்று ஒரு ஜெர்மன்காரர். படித்தது வைத்தியம். ஆனால் அவருடைய ஆர்வம் கம்ப்யூட்டரில். 'டாம்ஸ் ஹார்ட்வேர்' என்ற பெயரில் கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்து எழுதும் இணையப் பத்திரிகையை 1996-ல் தொடங்கினார்.

2001-ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்தப் பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. நான்கு பிராசசர்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு இன்டெல் கம்பெனியுடையவை. இரண்டு ஏ.எம்.டி. கம்பெனியுடையவை. ஒவ்வொன்றிலும் ஒரு விளையாட்டை ஓடவிட்டார்கள். விளையாட்டு ஓடிக்கொண்டு இருக்கும்போதே ஹீட்சிங்க்கையும் விசிறியையும் கழற்றினார்கள்!

இன்டெல் 'பென்டியம் 4' என்ன செய்தது? சூடு ஏறியதைத் தானே தெரிந்துகொண்டது. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. விளையாட்டு ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஆனால் நிற்கவில்லை. ஹீட்சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்தில் ஓடியது.

'பென்டியம் 3' அப்படியே உறைந்து நின்றுவிட்டது. ஆனால் சாகவில்லை.

ஏ.எம்.டி.யின் 'அத்லான்' பிராசசரின் கதை வேறு. அதன் தலையில் இருந்து புகை வந்தது! கண் மூடித் திறப்பதற்குள் சூடு 300 டிகிரியைத் தாண்டியது. சில்லு கருகிப்போயிற்று.

நான்காவது சில்லு 'அத்லான் எம்.பி.' அதற்குள் உஷ்ணத்தை அறியும் உறுப்பு இருந்தது. இருந்தும் என்ன பயன்? அந்த உறுப்பு சொன்னதைக் கேட்டு உடனே மின்சாரத்தை நிறுத்த மதர்போர்டில் ஏற்பாடு இல்லை. அதுவும் மாண்டது.

உஷ்ணமானி இருந்தால் மட்டும் போதாது. அது சொல்வதைக் கேட்க ஆள் வேண்டும். அந்தச் சோதனை உலகத்துக்குச் சொன்ன பாடம் இது.

படம் உலகெங்கும் பரவியது. கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. இன்றைய பிராசசர்கள் எல்லாம், இன்டெல் ஆனாலும் ஏ.எம்.டி. ஆனாலும், எல்லை வந்ததும் தாமே வேகத்தைக் குறைக்கின்றன. அதையும் மீறினால் தாமே அணைந்துவிடுகின்றன.

மூளைக்குள் உஷ்ணமானி

நகம் அளவு சில்லுக்குள் உஷ்ணமானியை எப்படி வைத்தார்கள்? பாதரசக் குழாயா வைக்க முடியும்?

அங்கே வைத்திருப்பது 'டையோடு' என்ற மின் உறுப்பு. மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் கதவு அது. அந்தக் கதவைத் தாண்ட மின்சாரத்துக்குக் கொஞ்சம் அழுத்தம் தேவை. சூடு ஏற ஏற, இந்த அழுத்தம் குறைந்துகொண்டே வரும். ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும்.

அழுத்தம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் போதும். சூடு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம்!

முன்காலத்தில் பல மதர்போர்டுகளில் உஷ்ணமானி சில்லுக்கு வெளியே, அடியில் இருந்தது. போர்வைக்கு மேல் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பது போல. உள்ளே கொதித்தாலும் வெளியே தெரியச் சற்று நேரம் ஆகும். இன்று சில்லின் ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனி உஷ்ணமானி இருக்கிறது.

எந்த அளவு ஆபத்து?

பிராசசரின் சூட்டை சென்டிகிரேடு கணக்கில் சொல்வார்கள். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரி.

ஒவ்வொரு பிராசசருக்கும் ஓர் உச்ச எல்லை உண்டு. மேலே சொன்ன இன்டெல் 14900கே-க்கு எல்லை 100 டிகிரி. 2022-ல் வந்த ஏ.எம்.டி. 'ரைசன் 9 7950எக்ஸ்' பிராசசருக்கு 95 டிகிரி. 2023-ல் வந்த 'ரைசன் 7 7800எக்ஸ்3டி'க்கு 89 டிகிரிதான். ஆகவே உங்கள் சில்லின் எல்லை எது என்பதைக் கம்பெனியின் விவரக் குறிப்பில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கணக்கு உங்கள் சில்லுக்குப் பொருந்தாது.

எல்லை 100 என்றால் 99 வரை ஓட்டலாமா? ஓட்டலாம். ஆனால் அது குடத்தை விளிம்பு வரை நிரப்பித் தலையில் வைத்து நடப்பது போல. கடுமையான வேலையிலும் எல்லைக்கு 10, 15 டிகிரி கீழே நிற்கும்படி வைத்துக்கொள்வது நல்லது.

தானே அணைந்துவிடுமே, பயம் ஏன்?

இது நல்ல கேள்வி. "சில்லு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் என்றால், நாம் ஏன் காவல் இருக்கவேண்டும்?"

மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, வேகம். எல்லை வந்ததும் சில்லு வேகத்தைக் குறைக்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு முடுக்கினோம் என்று நீங்கள் மகிழ்ந்துகொண்டு இருப்பீர்கள். அது சத்தம் இல்லாமல் 4-க்கு இறங்கி ஓடிக்கொண்டு இருக்கும். முடுக்கிய பலன் போயிற்று. மின்சாரச் செலவு மட்டும் மிச்சம்.

இரண்டாவது, ஆயுள். சில்லுக்குள் தலைமயிரைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. பலத்த மின்சாரமும் சூடும் சேர்ந்தால், அந்தக் கம்பியில் உள்ள அணுக்கள் மெல்ல மெல்ல நகர்ந்துபோகும். ஆற்று வெள்ளம் கரையை அரிப்பது போல. ஒரு நாள் கம்பி அறுந்துவிடும். 1960-களிலேயே மோட்டரோலா கம்பெனியைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்து கணக்கு எழுதினார். சூடு கூடினால் ஆயுள் குறையும் என்பது அந்தக் கணக்கு.

மூன்றாவதுதான் பெரியது. அது கணக்குப் பிழை!

எல்லைக்குப் பக்கத்தில் ஓடும் சில்லு, சில வேளை ஒன்றைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். திரையில் ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டர் நிற்காது. ஆனால் நீங்கள் சேர்த்து வைக்கும் கோப்பு கெட்டுப்போகும். கல்யாணப் போட்டோ, கடைக் கணக்கு, பிள்ளையின் கல்லூரிப் பாடம் எதுவானாலும் சரி. பல நாள் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும்.

சில்லு போனால் வேறு வாங்கலாம். போட்டோ போனால் எங்கே வாங்குவது?

பார்ப்பது எப்படி?

சூட்டைக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு 'எச்டபிள்யூஇன்போ', 'கோர் டெம்ப்', 'எச்டபிள்யூமானிட்டர்' ஆகியவை உண்டு. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 'எல்எம்-சென்சார்ஸ்' உண்டு. இவை சில்லுக்குள் இருக்கும் உஷ்ணமானியைப் படித்துத் திரையில் காட்டும்.

இப்போது வரிசையாகச் செய்யுங்கள்.

1. முடுக்கும் முன்பே பாருங்கள். கம்பெனி கொடுத்த வேகத்தில் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூடு, கடும் வேலையின்போது எவ்வளவு சூடு என்று குறித்துக்கொள்ளுங்கள். நல்ல உடம்பின் சூடு தெரிந்தால்தான் காய்ச்சலைக் கண்டுபிடிக்க முடியும்.

2. கடும் வேலை கொடுங்கள். இதற்கு 'பிரைம்95' என்ற மென்பொருளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். இது பெரிய பெரிய பகா எண்களைத் தேடுவதற்காகப் பிறந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர் 1996-ல் அந்தத் தேடலைத் தொடங்கினார். இது பிராசசரைக் கசக்கிப் பிழியும். அதோடு, விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, சில்லு சொல்லும் விடை சரியா என்றும் பார்க்கும். பிழை வந்தால் உடனே சொல்லிவிடும். சூட்டையும் பிழையையும் ஒரே சமயத்தில் பார்த்துவிடலாம்!

3. படிப்படியாக ஏறுங்கள். ஒரே தாவலில் மாடி ஏறக்கூடாது. 'பயாஸ்' என்ற அமைப்புத் திரைக்குப் போய் 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும் கூட்டுங்கள். வோல்ட்டைத் தொடாதீர்கள். அரை மணி நேரம் கடும் வேலை கொடுங்கள். சூடு எல்லைக்குள் இருக்கிறதா? பிழை இல்லையா? அடுத்த 100.

4. உச்சத்தைப் பாருங்கள். திரையில் இப்போதைய சூடு, குறைந்த சூடு, உச்ச சூடு என்று மூன்று எண்கள் இருக்கும். நமக்கு வேண்டியது உச்சம். சில்லின் பல பகுதிகளில் எது அதிகச் சூடோ, அதை வைத்தே முடிவு செய்யவேண்டும். சராசரி வேண்டாம்.

5. எழுதி வையுங்கள். நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, அறையின் சூடு, வேகம், வோல்ட், உச்ச சூடு. இந்த ஐந்தையும் எழுதுங்கள். ஞாபகத்தை நம்பவேண்டாம்.

அளவு மீறி முடுக்கிவிட்டால் சில சமயம் கம்ப்யூட்டர் எழவே எழாது. பதற வேண்டாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் பாட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து மாட்டினால், பெரும்பாலான மதர்போர்டுகளில் பழைய அமைப்பு திரும்பிவிடும்.

உஷ்ணமானி பொய் சொல்லுமா?

சில சமயம் சொல்லும்!

2017-ல் ஏ.எம்.டி. 'ரைசன்' பிராசசர்களை வெளியிட்டது. அதில் 1700எக்ஸ், 1800எக்ஸ் என்ற இரண்டு வகையை வாங்கியவர்கள் திகைத்தார்கள். சூடு மிக அதிகமாகத் தெரிந்தது. பிறகு கம்பெனியே விளக்கம் கொடுத்தது. அந்த இரண்டு வகையும் உண்மைச் சூட்டோடு 20 டிகிரி கூட்டிச் சொல்லும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஒரே குடும்பத்துச் சில்லுகள் எல்லாவற்றிலும் விசிறி ஒரே விதமாகச் சுழலவேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு!

70 டிகிரி என்று திரை காட்டினால் உண்மை 50 டிகிரிதான். இது தெரியாமல் இருந்தால் வீண் பயம்.

இன்டெல் சில்லுகளில் வேறு விஷயம் உண்டு. அங்கே உஷ்ணமானி "எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி" என்றுதான் சொல்லும். எல்லைக்குப் பக்கத்தில் அது துல்லியம். கீழே போகப் போகத் துல்லியம் குறையும். ஆகவே கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது, அறையின் சூட்டைவிடக் குறைந்த எண் காட்டினாலும் வியப்படைய வேண்டாம்.

இதனால்தான் ஒரு மென்பொருளை மட்டும் நம்பாமல் இரண்டில் பார்க்கவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

கத்திரி வெயிலில்...

ஒரு முக்கியமான விஷயம். விசிறி எவ்வளவு சுழன்றாலும், சில்லின் சூடு அறையின் சூட்டுக்குக் கீழே இறங்காது. அறையின் சூட்டுக்கு மேலேதான் சில்லின் சூடு ஏறுகிறது.

உதாரணமாக, அறையில் 32 டிகிரி. சில்லின் உச்சம் 84 டிகிரி. வித்தியாசம் 52. மே மாதம் அதே அறை 38 டிகிரி ஆனால்? 38-ம் 52-ம் 90. சில்லு எல்லையை நெருங்கிவிட்டது!

வெளிநாட்டுக்காரர் ஒருவர் 20 டிகிரி அறையில் உட்கார்ந்து "என் சில்லு 72 டிகிரிதான்" என்று எழுதுவார். அதே வேகம், அதே வோல்ட்டை நம் சென்னையில் வைத்தால் கதை மாறும். இங்கே மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. மார்கழியில் முடுக்கிய வேகத்தைக் கத்திரி வெயிலில் மறுபடி சோதித்துப் பார்க்கவேண்டும்.

சூடு திடீர் என்று ஏறினால்

வேகத்தை மாற்றவில்லை. வோல்ட்டை மாற்றவில்லை. அறையும் அதே அறை. ஆனாலும் முன்பு 75 காட்டியது இப்போது 88 காட்டுகிறது. ஏன்?

முதலில் தூசியைப் பாருங்கள். ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் தூசி பஞ்சு போல அடைத்துக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்தி, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, காற்று ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்து பசை. சில்லுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே ஒரு பசை தடவுவார்கள். இரண்டு தகடுகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று சூட்டை எளிதில் கடத்தாது. பசை அந்தப் பள்ளத்தை நிரப்பும். பட்டாணி அளவு போதும். சில ஆண்டுகளில் அது காய்ந்துவிடும். துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவவேண்டும்.

தண்ணீரால் குளிரவைப்பவர்கள் பம்ப் ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும்.

புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டரே கொதிக்கிறதா? ஹீட்சிங்க்கின் அடியில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள்!

சூடு மட்டுமா எதிரி?

இல்லை. வோல்ட்டும் எதிரிதான். சூடு குறைவாக இருக்கிறதே என்று வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போகக்கூடாது.

இதற்கு 2024-ல் ஒரு சாட்சி கிடைத்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் சில தாறுமாறாக நின்றுபோயின. ஓவர்கிளாக் செய்யாதவர்களின் சில்லுகளும் அப்படி ஆயின. கம்பெனி ஆராய்ந்தது. தேவைக்கு மேல் வோல்ட் ஏறியது முக்கியக் காரணம் என்று அறிவித்தது. ஆகஸ்டு மாதம் அதைக் கட்டுப்படுத்தும் திருத்தத்தை வெளியிட்டது. உத்தரவாதக் காலத்தையும் 2 ஆண்டு நீட்டியது. ஆனால் முன்பே சேதம் அடைந்த சில்லைத் திருத்தத்தால் குணப்படுத்த முடியவில்லை.

மைனஸ் 269 டிகிரி!

வேகப் போட்டிக்காரர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். விசிறியும் தண்ணீரும் அவர்களுக்குப் போதாது. திரவ நைட்ரஜனை ஊற்றுகிறார்கள். அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி. அதுவும் போதாவிட்டால் திரவ ஹீலியம். அது மைனஸ் 269 டிகிரி!

2011-ல் ஏ.எம்.டி. சில்லு ஒன்றை இப்படி 8.4 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்துக்குக் கொண்டுபோனார்கள். கின்னஸ் புத்தகத்தில் இடம் கிடைத்தது. 2022 டிசம்பரில் இன்டெல் சில்லு ஒன்று 9 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டியது.

இது வீட்டுக்கு ஆகாது. அந்த வேகம் நிலைப்பது கொஞ்ச நேரம்தான். வேடிக்கை பார்க்கலாம், வீட்டில் செய்யக்கூடாது.

செய்யலாமா, வேண்டாமா?

1998-ல் 300 கொடுத்து 450 வாங்கிய காலம் போயிற்று. அது 50 சதவிகித லாபம்! இன்றைய பிராசசர்கள் குளிர் இருக்கும் வரை தம்மைத் தாமே முடுக்கிக்கொள்கின்றன. கம்பெனியே விளிம்பு வரை ஓடவிட்டுத்தான் விற்கிறது. கையால் முடுக்கிக் கிடைப்பது பெரும்பாலும் சொற்ப லாபமே. இன்டெலில் பெரும்பாலும் பெயரில் எண்ணுக்குப் பின் 'கே' எழுத்து உள்ள சில்லுகளைத்தான் முடுக்க முடியும். அதற்குத் தக்க மதர்போர்டும் வேண்டும். முடுக்கியதால் வரும் சேதத்துக்குக் கம்பெனிகள் பொதுவாக உத்தரவாதம் தருவது இல்லை.

ஆகவே, வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர், அதில்தான் படிப்பும் கணக்கும் என்றால் முடுக்க வேண்டாம். கற்றுக்கொள்ளும் ஆசை உள்ள பிள்ளை, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் செய்து பார்க்கட்டும். முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்கட்டும். அதில் நிறையப் படிப்பு இருக்கிறது.

முடுக்காதவர்களுக்கும் இந்த உஷ்ணமானி உதவும். மாதம் ஒரு தடவை திறந்து உச்ச சூட்டைப் பாருங்கள். போன மாதத்தைவிட 10 டிகிரி ஏறியிருந்தால், தூசியோ, பசையோ, விசிறியோ எதுவோ சரி இல்லை என்று அர்த்தம். அன்றே பெட்டியைத் திறந்து பாருங்கள். சுத்தம் செய்வதற்குப் பத்து நிமிடம், செலவு இல்லை. புதுச் சில்லு வாங்குவது என்றால், பல ஆயிரம் ரூபாய்!